காலணாச் செலவில்லாத விசாரணை!

பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளையின் ஊருக்கு ஆளனுப்பி விசாரிக்கிறோம். வசதி படைத்தோர் தனியார் துப்பறிவாளருக்குப் பணமும் கொட்டுகின்றனர். தவறென்று சொல்லமாட்டோம். ஆனால், ஐந்தாண்டுக் காலம் நமக்காகச் சட்டமியற்றப் போகிறவரைப் பற்றி விசாரித்தோமா? அதற்குக் காலணாச் செலவில்லையே!

வேட்பாளரின் குற்ற வழக்கு, சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை அறிவது வாக்காளரின் உரிமை என்று 2002-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை முடக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திற்று. அத்திருத்தம் செல்லாதென்று 2003-ல் நீதிமன்றம் மீண்டும் முழங்கிற்று. வழக்காடிப் பெற்ற உரிமையன்றோ இது!

வேட்புமனுவோடு தரப்படும் 26-ஆம் எண் படிவம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வழக்கின் நிலையை இ-கோர்ட்ஸ் தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

வழக்கிருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடார். மறியல் செய்து வந்த வழக்கு வேறு; மக்கள் பணத்தைச் சுரண்டியதாக வந்த வழக்கு வேறு. எந்தச் சட்டப்பிரிவு என்பது படிவத்திலேயே உண்டு. பிரித்தறியத்தான் படிக்கச் சொல்கிறோம்.

மாற்றாரின் படிவத்தை மட்டுமல்ல, நம்மவர் படிவத்தையும் படியுங்கள்! சாதி கேட்டு, காசு வாங்கிப் போடும் வாக்குக்கு விலை உண்டு. விசாரித்துப் போடும் வாக்குக்கோ மதிப்பு உண்டு!