இறங்குற வழியை யாரு பிளான் பண்றது?

நீங்க கடைசியா போன ட்ரிப்பை யோசிச்சுப் பாருங்க. ஐ.வி.யோ, என்.எஸ்.எஸ். கேம்ப்போ, சர்ச் யூத் ட்ரிப்போ, எதுவா இருந்தாலும் சரி. திரும்பி வந்த ராத்திரி வண்டி ஓட்டுன அண்ணன் பேரு ஞாபகம் இருக்கா? எனக்கு இல்ல. என் போன்ல அவர் 'ஏற்காடு வேன்'. அவ்வளவுதான்.

(பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியம். ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டர் பார்த்துக்குவாங்க, நீங்க விஷயத்தை மட்டும் பாருங்க.)

போன வருஷம் மே மாசம் எங்க சபை வாலிபர் குழு 23 பேர் சென்னைல இருந்து சேர்வராயன் மலைக்கு மிஷன் ட்ரிப் போனோம். மலையாளிப் பழங்குடி மக்கள் இருக்குற ஒரு ஊரு. மலையாளின்னா கேரளான்னு நினைச்சுக்காதீங்க, நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். மலையை ஆளுறவங்க, தமிழ் பேசுறவங்க, காஞ்சிபுரத்துல இருந்து வந்ததா அவங்க கதை சொல்றாங்க. மூணு நாள் பசங்களுக்கு வி.பி.எஸ்., ஸ்கூல் சுவருக்கு பெயின்ட், சாயங்காலம் கூட்டம். நல்லாத்தான் போச்சு. அதைப் பத்தி இங்க எழுதப் போறதில்ல, அதுக்கு இன்ஸ்டால ஏற்கெனவே 140 போட்டோ இருக்கு.

திரும்பி வந்ததைத்தான் எழுதணும். ஏன்னா டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் நான்.

போறதுக்கு நாங்க போட்ட பிளானைப் பார்த்தா நீங்களே அசந்துடுவீங்க. ரெண்டு மாசம் ஜெபக் கூட்டம், எக்செல் ஷீட், டி-ஷர்ட்டுக்கு ஆளுக்கு 280 ரூபாய், பேனர், யாரு எந்த சீட்டுன்னு ஒரு சார்ட். திரும்பி வர்றதுக்கு அந்த ஷீட்ல இருந்தது ஒரே வரி: 'வேன், அப் அண்ட் டவுன்'.

கடைசி நாள் நாலு மணிக்குக் கிளம்புறதா இருந்தது. சாட்சி நேரம் நீண்டு போச்சு, பசங்க அழுதாங்க, நாங்களும் அழுதோம், ஊர்க்காரங்க சாப்பிடாம விடமாட்டேன்னாங்க. வண்டி நகர்ந்தப்போ மணி 9.15. சென்னைக்கு எப்படியும் 350 கிலோமீட்டர். மறுநாள் திங்கட்கிழமை.

ஏற்காட்டுக்கு ரெண்டு மலைப்பாதை இருக்குறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒண்ணு சேலம் அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவோட ஏறுறது. இன்னொண்ணு கொட்டச்சேடு வழியா குப்பனூர்ல இறங்குறது. கோடை விழா சமயத்துல அதுல ஏறி இதுல இறங்கச் சொல்லுவாங்க. அயோத்தியாப்பட்டணம் போய் ஆத்தூர், கள்ளக்குறிச்சி ரோட்டைப் பிடிக்க இதுதான் எங்களுக்கும் வசதி.

நான் டிரைவர் பக்கத்து சீட்ல இருந்தேன். பின்னாடி பத்து நிமிஷம் பாட்டு, அப்புறம் ஒரு சத்தமும் இல்ல. எல்லாரும் செத்த மாதிரி தூக்கம். இந்த வார்த்தையை யோசிச்சுத்தான் போடுறேன். பாதி மலை இறங்கியிருப்போம், ஒரு வளைவுல வண்டி கொஞ்சம் லேட்டா திரும்புச்சு. ஹெட்லைட் வெளிச்சத்துல ரோடு தெரியல, வெறும் மரத்து உச்சி மட்டும் தெரிஞ்சுது. அப்புறம் திரும்பிடுச்சு. அண்ணன் ஓரமா நிறுத்தி, கேன் தண்ணில முகம் கழுவினாரு. பிரேக் கருகுன வாசனை உள்ள வரைக்கும் வந்துச்சு.

"தூக்கமா அண்ணா?"

"இல்ல சார், கண்ணுதான் எரியுது."

அப்பத்தான் கேட்டேன், எத்தனை மணிக்கு எழுந்தீங்கன்னு. காலைல நாலு. எங்க சமையலுக்கு சாமான் வாங்க சேலம் போயிட்டு வந்திருக்காரு, அனுப்புனது நாங்கதான். மூணு ராத்திரியும் எங்க படுத்தீங்கன்னு கேட்டேன். வேன்லதான், சார். 23 பேருக்கு கிளாஸ்ரூம்ல பாய் எண்ணி வாங்கினவன் நான். 24-வது பாய் என் கணக்குலயே வரல.

வீட்டுக்கு வந்ததும் ரெண்டு கணக்கு போட்டேன், இன்ஜினியரிங் புத்தி. ஆள், லக்கேஜ் எல்லாம் சேர்த்து வேன் 4,500 கிலோன்னு வைங்க. உத்தேசமா 1,000 மீட்டர் இறங்குது. எம்.ஜி.எச். போட்டா 4.4 கோடி ஜூல். ஒண்ணே கால் லிட்டர் டீசலை எரிச்சா வர்ற சூடு. அது எங்கயாவது போய்த்தான் ஆகணும். ஏறுன கியர்லயே இறங்குனா இன்ஜின் கொஞ்சம் தாங்கும். தூக்கக் கலக்கத்துல கியரை மறந்து பிரேக்கையே மிதிச்சா, அத்தனையும் டிரம்முக்கும் பேடுக்கும்தான். சூடு ஏற ஏற பிடிப்பு குறையும்.

ரெண்டாவது கணக்கு. 1997-ல நேச்சர் இதழ்ல டாசன், ரீட் ரெண்டு பேரும் ஒரு ஆய்வு போட்டாங்க. 17 மணி நேரம் தூங்காம இருக்குறவங்களோட கண்-கை ஒருங்கிணைப்பு, 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்குறவங்க அளவுக்குக் குறைஞ்சிருந்தது. நம்ம சட்டத்துல வண்டி ஓட்ட அனுமதி 30 மில்லிகிராம் வரைக்கும்தான். காலைல 4 மணில இருந்து 17 மணி நேரம் எண்ணுங்க. ராத்திரி 9. நாங்க கிளம்புனது 9.15. குடிச்சிருந்தா எங்க சபைல ஒருத்தரும் அந்த வண்டில ஏறியிருக்க மாட்டாங்க.

டிரைவருக்கு வேலை நேர சட்டமே இல்லையான்னு கேப்பீங்க. 1961-லயே வந்துச்சு, 2025 வரைக்கும் இருந்துச்சு: மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு 8 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டுனா அரை மணி ஓய்வு. ஆனா அதுவும் அஞ்சு பேராவது வேலை பார்த்த நிறுவனத்துக்குத்தான் இருந்துச்சு. சொந்த வேனை லோன்ல வாங்கித் தானே ஓட்டுற அண்ணனுக்கு நேரம் எண்ண யாரு இருக்கா? வாடகைக்கு எடுக்குற நாமதான்.

இதெல்லாம் நடக்காத கதை இல்ல. 2024 ஏப்ரல் 30 அன்னைக்கு அந்த இன்னொரு மலைப்பாதைல, ஏற்காட்டுல இருந்து சேலத்துக்கு இறங்குன தனியார் பஸ் 13-வது வளைவுல தடுப்புச் சுவரை இடிச்சுக்கிட்டு கீழ விழுந்துச்சு. பல பேர் செத்தாங்க. அதுவும் இறங்கும்போதுதான்.

சபைல இதை எடுத்துச் சொன்னப்போ ஒரு அங்கிள், "ஆண்டவர் வேலைக்குப் போனோம், அவர் பார்த்துக்கிட்டாருல்ல தம்பி?"ன்னாரு. நானும் விசுவாசிதான். ஆனா எலியா களைச்சுப் போய் சூரைச்செடிக்குக் கீழ படுத்தப்போ தேவதூதன் வந்து என்ன செஞ்சாரு? பிரசங்கம் பண்ணல. அடையும் தண்ணியும் குடுத்து, திரும்பத் தூங்க விட்டாரு. வழி தூரம்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அங்கிள் சிரிச்சாரு, ஒத்துக்கல.

நாம சொல்ற மிஷன் கதை எல்லாமே போன கதைதான். 1706-ல சீகன்பால்கு தரங்கம்பாடில வந்து இறங்குனாரு, 1623-ல ராபர்ட் தெ நொபிலி மதுரைய விட்டு சேந்தமங்கலம் வழியா சேலம் வரைக்கும் வந்தாரு. யாரு கூட்டிட்டுப் போனது, எங்க தூங்குனாங்க? சண்டே ஸ்கூல்ல நானும் கேக்கல.

நம்ம காலேஜ் ஐ.வி.யும் இதே கதைதான்னு உங்களுக்கே தெரியும். பகல்ல கம்பெனி, சாயங்காலம் பீச், ராத்திரி பூரா பஸ்ல டான்ஸ், காலைல எட்டுக்கு கேட்டுல இறங்கி முதல் ஹவர் கிளாஸ். அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வேணும்னு எனக்கும் தெரியும், ஒரு நாள் கூடுனா வீட்டுல கேப்பாங்கன்னும் தெரியும். காசு? எங்க வேனுக்கு இன்னொரு நாள் வாடகை கணக்கு போட்டேன். ஆளுக்கு 150 ரூபாய். அந்த டி-ஷர்ட்டை அப்புறம் யாரும் போட்டு நான் பார்க்கல.

அன்னைக்கு ராத்திரி என்ன ஆச்சுன்னு சொல்லிடுறேன். குப்பனூர்ல இறங்குனதும் ஒரு டீக்கடை ஓரமா வண்டியை நிறுத்தச் சொன்னேன். மூணு மணி நேரம் தூங்குங்கண்ணான்னேன். பின்னாடி ரெண்டு பேர் முழிச்சுத் திட்டுனாங்க. அண்ணன் ஸ்டீயரிங்லயே தலை சாய்ச்சாரு. நான் கீழ இறங்கி ரோட்டோரமா உட்கார்ந்து மலைல இறங்குற லைட்டுகளை எண்ணிக்கிட்டு இருந்தேன். சென்னை வந்தப்போ மணி எட்டரை. எனக்கு முதல் ரெண்டு ஹவர் ஆப்சென்ட்.

இந்த டிசம்பர்ல திரும்பப் போறோம். போன வாரம் 'ஏற்காடு வேன்'க்கு போன் பண்ணி, அந்த ராத்திரிக்கு மன்னிப்பு கேக்கணும்னு ஆரம்பிச்சேன். அவருக்குப் புரியல. "எந்த ட்ரிப் சார் அது?"ன்னாரு. வளைவு, பிரேக் வாசனை எல்லாம் சொன்னேன். "சார், சீசன்ல தினமும் அப்படித்தான்"னாரு.

அவர் பேரைக் கேட்டு சேவ் பண்ணிட்டேன். ஷீட்ல பாய் 24. கடைசி நாள் ராத்திரி மேலயே தங்கல், காலைல ஏழு மணிக்கு மேல இறக்கம்.