மணி அடித்த பிறகு

“இவன் படிச்சி இன்னா ஆவப்போறான், நீயே சொல்லு தம்பி” என்று கேட்டவர் செவிலிமேட்டில் எங்கள் தெருக்காரர். இருபது வருசம் கூலிக்குத் தறி நெய்து இடுப்பு போனவர். இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. மகன் சென்னையில் எம்.ஏ. வரலாறு கடைசி வருசம் படிக்கிறான். மேலே ஆய்வுப் படிப்புக்குப் போகணும் என்கிறான். அப்பா பேங்க் பரீட்சை எழுதச் சொல்கிறார். நான் பேங்கில் குமாஸ்தா என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

நான் யோசிக்கவே இல்லை. “முதல்ல பரீட்சை எழுது. வேலை வந்துட்டா அப்புறம் எதை வேணா படிச்சிக்கலாம்” என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு நிம்மதி. பையன் “சரிண்ணா” என்றான். அந்தச் ‘சரிண்ணா’ என்னைத் தூங்கவிடவில்லை. நான் சொன்னது பாதிக்குமேல் தப்பு என்று இப்போது நினைக்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

பாதி சரி எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். “இந்தப் பசங்களுக்கு லட்சியமே கெடையாது, எல்லாத்துக்கும் சர்க்கார் வேலைதான்” என்று ஊர்த்தெருக்காரர்கள் பேசுவது காதில் விழாத நாளில்லை. வசதியாக இருக்கிறவனுக்கு லட்சியம் பேசுவது சுலபம். எங்கள் ஊர்ப் பட்டுப்புடவையில் உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு நிறம் வருகிறதே, அதற்குக் கோர்வை என்று பேர். கோர்வைத் தறியில் நெய்கிறவர் ஒருவர் போதாது. கரைப்பக்க நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேணும். அந்த இன்னொரு ஆள் ரொம்ப காலமாகச் சின்னப் பிள்ளைதான். தறிக்காரரிடம் வாங்கின முன்பணத்துக்கு ஈடாகப் பள்ளிக்கூடத்துப் பையை மூலையில் மாட்டிவிட்டுத் தறிமேடையில் உட்கார்ந்த பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குள் மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது, யாரிடமும் முன்பணம் கேட்டு நிற்க வேண்டாம் என்பதே பெரிய விடுதலைதான். ‘குமாஸ்தா உத்தியோகத்துக்கு ஆசைப்படுகிறார்கள்’ என்று எழுதுகிற புரட்சியாளர்களில் பலருக்கு அப்பா வாங்கிக்கொடுத்த வீடு இருக்கிறது. இதற்குமேல் அதைப் பேச வேண்டியதில்லை.

இப்போது தப்பான பாதி.

பையனுக்கு அறிவுரை சொன்னபோது என் மனசில் முன்னுதாரணமாக இருந்தவர் இரட்டைமலை சீனிவாசன். நம்ம பழைய செங்கல்பட்டு ஜில்லாக்காரர், மதுராந்தகம் பக்கம் கோழியாளம். கோயமுத்தூரில் படித்தார். நீலகிரியில் வெள்ளைக்காரக் கம்பெனிகளில் பத்து வருசம் போலக் கணக்கு எழுதினார். 1890ல் சென்னைக்கு வந்தார். 1891ல் பறையர் மகாஜன சபை, 1893ல் ‘பறையன்’ பத்திரிகை. அதே 1893ல் ஐ.சி.எஸ். பரீட்சையை லண்டனில் நடத்துவதுபோல இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டார்கள். அப்படி நடத்தினால் படிப்பைக் கைக்குள் வைத்திருக்கிற ஒரே கூட்டம்தான் கலெக்டராகி எங்கள் தலைமேல் உட்காரும் என்று 3412 பேரிடம் கையெழுத்து வாங்கி, 112 அடி நீள மனுவாகப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர் அவர். பரீட்சை என்றால் எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள், அதில் என்ன அநியாயம் என்று கேட்கிறவர்களுக்கு அன்றைக்கே கிடைத்த பதில் அது. (1176 மார்க் வாங்கிய குழுமூர் அனிதா 2017ல் செத்துப்போன பிறகும் அதே கேள்வியைக் கேட்கிறார்கள்.) ஆக, கணக்கு வேலை முதலில், சமூகம் பிறகு. எனக்கு வசதியான கதை. பேங்க் கிளார்க்காக இருந்துகொண்டு கவிதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்குமா?

அன்றைக்கு ராத்திரி அவருடைய ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ புத்தகத்தை மறுபடி எடுத்தேன். 1939ல், எண்பது வயசை ஒட்டி எழுதிய சின்னப் புத்தகம். கோயமுத்தூர்க் கலாசாலையில் நானூறு பிள்ளைகள் போல இருந்ததாகவும், அதில் பத்துப் பேர் தவிர மற்றவர்களெல்லாம் பார்ப்பனர் என்றும் சொல்கிறார். தன்னுடைய சாதி, குடும்பம், வீடு இருக்கிற இடம் தெரிந்துவிட்டால் கேவலமாக நடத்துவார்கள் என்று பயம். அதனால் சீக்கிரம் போனாலும் உள்ளே போகமாட்டார். வெளியில் எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு விட்டதும் யாரும் கூட வந்துவிடாதபடி வேகவேகமாக வீட்டைப் பார்த்து நடந்துவிடுவார். மற்றப் பிள்ளைகளோடு கூடி விளையாட முடியாமல்போன துக்கத்தையும் எழுதியிருக்கிறார்.

கவனியுங்கள். வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போனவர். பொதுவழியிலும் பொதுக்கிணற்றிலும் நமக்கு உரிமை உண்டு என்று 1924ல் சென்னை சட்டசபையில் தீர்மானம் நிறைவேற்ற வைத்தவர். அவ்வளவும் செய்து முடித்த கிழவருக்கு, அறுபது வருசத்துக்கு முன்னால் விளையாடாமல் போன சாயங்காலம் ஞாபகம் இருக்கிறது. அவருக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பாடமும் கிடைத்தது. கிடைக்காதது மணிக்கு முன்னாலும் மணிக்குப் பின்னாலும் இருக்கிற நேரம். அரட்டை, சண்டை, சினேகிதம், வாத்தியாரோடு வாக்குவாதம் எல்லாம் நடக்கிற நேரம். மாணவ வாழ்க்கை என்று மற்றவர்கள் ஐம்பது வயசிலும் கண் கலங்கப் பேசுவது அந்த நேரத்தைத்தான். பாடத்தை நினைத்து எவன் கண்கலங்கினான்?

இதற்கு நேர் எதிரில் பாபாசாகேபின் நியூயார்க் நாட்களை வையுங்கள். 1913ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போகிறார். அங்கே பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடம் எடுத்திருக்கிறார். வரலாற்றில் 11. தத்துவம், சமூகவியல், மானிடவியல் வேறு. போதாதென்று ஆரம்ப பிரெஞ்சு ஒன்று, ஆரம்ப ஜெர்மன் ஒன்று. “பிரெஞ்சு படிச்சி இன்னா ஆவப்போற?” என்று கேட்க அங்கே ஆளில்லை. விடுதியில் நவல் பத்தேனா என்ற பார்சி சினேகிதர் கிடைத்தார். 1920ல் பாதியில் விட்ட படிப்பை முடிக்க லண்டனுக்குத் திரும்பியபோது கடன் கொடுத்து உதவியவர்களில் அந்த சினேகிதரும் உண்டு. திரும்பி வந்த ஊர் எப்படிப்பட்டது என்பதையும் மறக்கக்கூடாது. 1917ல் அத்தனை பட்டத்தோடு பரோடாவில் உத்தியோகத்துக்குப் போனவரைப் பார்சி சத்திரத்திலிருந்து தடியோடு வந்து வெளியேற்றினார்கள். பட்டம் சாதியைத் தொடவில்லை. ஆனால் மணி அடிக்கும்வரை வெளியே நிற்காத சில வருசங்கள் ஒரு மனுசனுக்கு என்ன கொடுக்கும் என்பதற்கும் அவரேதான் சாட்சி.

பையனைத் திரும்பக் கூப்பிட்டேன். டீ குடித்துக்கொண்டே, “ஆஸ்டல்ல எப்பிடிடா இருக்கு?” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: “எந்த ஊருன்னு கேப்பாங்கண்ணா. காஞ்சிபுரம்னா, காஞ்சிபுரத்துல எங்கன்னு கேப்பாங்க. வீட்ல தறி இருக்குன்னு சொல்லிடுவேன். அதுக்கப்புறம் கேக்கமாட்டாங்க.” அவன் சொன்னது பொய்யும் இல்லை. வீட்டில் தறி இருந்தது உண்மைதான். பட்டு என்றதும் கேட்கிறவன் தானாகவே ஒரு சாதியை நினைத்துக்கொள்கிறான், இவன் மறுக்கவில்லை, அவ்வளவுதான். காஞ்சிப்பட்டின் புகழ் நம் பிள்ளைக்கு எதற்கு உபயோகப்படுகிறது பாருங்கள், ஒளிந்துகொள்ள. மூணு வருசமாக ஒரு அறைத்தோழனையும் வீட்டுக்குக் கூட்டிவந்ததில்லை. ஏன் என்று இப்போது புரிந்தது. கோயமுத்தூர்க் கலாசாலைக்கும் இவன் ஆஸ்டலுக்கும் நடுவில் நூற்று நாற்பது வருசம் ஓடியிருக்கிறது.

இவன் என்ன படிக்க ஆசைப்படுகிறான் என்பதையும் அன்றைக்குத்தான் கேட்டேன். தீர்ப்பு சொன்ன நாளில் கேட்கத் தோன்றவில்லை, வெட்கக்கேடு. பஞ்சமி நிலம். 1891ல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கை, அதன்பேரில் 1892ல் வந்த நில உத்தரவு, அந்த நிலங்கள் யார் கைக்குப் போயின என்பதெல்லாம். “எழும்பூர் ஆவணக் காப்பகத்துல ஒரு வருசம் உக்காந்தா நம்ம சுத்துப்பட்டுச் சேரிங்களுக்கு எதெது எங்க இருந்துச்சின்னு எடுத்துடலாம்ணா” என்றான். காரணையில் பஞ்சமி நிலத்துக்காக நின்று 1994ல் ஜான் தாமசும் ஏழுமலையும் சுட்டுக்கொல்லப்பட்ட ஜில்லா இது. ஊர்வலத்தில் நான் கோஷம் போட்டிருக்கிறேன். அந்தக் காகிதங்களை உட்கார்ந்து படிக்க வந்த பையனிடம் வட்டிக்கணக்கு போட்டுப் பழகு என்று சொல்லி அனுப்பினேன்.

இயக்கத்துக்கு உபயோகமான படிப்பு என்பதால் இவனை ஆதரிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சங்கப் பாட்டில் வரும் மீன் வகைகளைப் படிக்கணும் என்று சொல்லியிருந்தாலும் இதையேதான் எழுதுவேன். வீட்டில், நீ படிச்சி எங்களைத் தூக்கிவிடணும் என்கிறோம். கூட்டத்தில், நீ படிச்சி சமூகத்தைத் தூக்கணும் என்கிறோம். நடுவில் அவனுக்கென்று ஒரு மூச்சு விட இடமில்லை. ஊர்த்தெருப் பையன் ஒரு வருசம் ஊர் சுற்றலாம், அரியர் வைக்கலாம், படிப்பை மாற்றலாம். நம் பையனுக்கு ஒரு பேப்பர் போனால் குடும்பமே போன மாதிரி.

எங்கள் செவிலிமேட்டில் சாலைக்கிணறு இருக்கிறது. வைணவர்களுக்குப் புனிதமான இடம். இராமானுசர் மாணவராக இருந்தபோது பாடத்துக்குப் பொருள் சொல்வதில் குருவோடு முரண்பட்டாராம். குரு யாதவப்பிரகாசர் யாத்திரை என்ற பேரில் கூட்டிப்போய்க் கொல்லப் பார்த்தாராம். தப்பி ஓடியவரை விந்தியக் காட்டில் ஒரு வேடனும் வேடச்சியும் வழிகாட்டிக் கூட்டிவந்தார்களாம். அவர்கள் தாகத்துக்கு இவர் இந்தக் கிணற்றில் தண்ணீர் கொண்டுவந்தாராம். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம், வந்தது வரதராசப் பெருமாளும் தாயாரும் என்று கதை. வேடனாகவே இருந்திருந்தால் கிணற்றடியில் நின்றிருக்க விட்டிருப்பார்களா என்பது என் பழைய கேள்வி. இப்போது வேறு ஒன்று தோன்றுகிறது. ஆசிரியரோடு முரண்பட்டு உயிர்பிழைத்த ஒரு மாணவனை ஆயிரம் வருசமாக இந்த ஊர் கொண்டாடுகிறது. வருசா வருசம் சாமியே இங்கே எழுந்தருளுகிறது. ஐதராபாத்தில் 2016 சனவரியில் ரோகித் வெமுலாவுக்கு எந்த வேடனும் வரவில்லை. அறிவியலைப் பற்றி எழுதுகிற எழுத்தாளனாக ஆசைப்பட்ட பிள்ளை. சாகும்போது ஏழு மாச உதவித்தொகை, ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய், அவனுக்குச் சேரவேண்டியது பாக்கி. மறு வருசம் மார்ச்சில் சேலத்து முத்துக்கிருஷ்ணன், டெல்லி ஜே.என்.யு.வில் வரலாறு படித்தவன்.

பையனின் அப்பா பயப்படுவது இதற்கும் சேர்த்துத்தான். அவருக்குப் பெயர்கள் தெரியாது, சேதி தெரியும். பேங்க் வேலையில் பிள்ளை உயிரோடு இருப்பான்.

உதவித்தொகை பற்றி அரசு சொல்வதெல்லாம் பெரிய எண்கள். 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஐந்து வருசத்துக்கு 59,048 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. கோடிகள் அறிவிப்பில் வரும், பணம் செமஸ்டர் முடிந்து வரும். கவுண்டரில் உட்கார்ந்து பார்க்கிறவன் சொல்கிறேன், மெஸ் பாக்கிக்காகக் கணக்கில் பணம் ஏறிவிட்டதா என்று நாலு தடவை பாஸ்புக் பதிய வரும் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும். அதற்குப் போராடத்தான் வேண்டும். போராட்டம் முடிகிறவரை இந்தப் பையன் காத்திருக்க முடியாது.

ஆகவே ஒரு கணக்கு. காஞ்சிபுரத்தில் நம்மில் மாசச் சம்பளக்காரர்கள் குறைந்தது இருபது பேர் இந்த இதழைப் படிக்கிறோம். வாத்தியார், மின்வாரியம், எல்.ஐ.சி., பேங்க். ஆளுக்கு மாசம் ஐநூறு போட்டால் பத்தாயிரம். எம்.ஏ. முடித்த ஒரு பிள்ளை சென்னையில் ஒரு அறையில் பங்கு எடுத்துக்கொண்டு, சாப்பிட்டு, எழும்பூருக்கு பஸ் ஏறி, ஒரு வருசம் ஆய்வுப் படிப்பு நுழைவுக்குத் தயாராக இது எட்டும், கொஞ்சம் இழுத்துப் பிடித்தால். கடன் இல்லை, வட்டி இல்லை. இடம் கிடைத்தே ஆகணும் என்ற நிபந்தனையும் இல்லை. கிடைக்காவிட்டால் அடுத்த வருசம் பேங்க் பரீட்சை எழுதட்டும், நானே சொல்லிக்கொடுக்கிறேன். கணக்கு நோட்டை நான் வைத்துக்கொள்கிறேன். இவனுக்குப் பிறகு அடுத்த பிள்ளை, அது பெண்பிள்ளையாக இருக்கட்டும் என்பது என் கட்சி.

இதுவரை நாலு பேர் சரி என்றிருக்கிறார்கள். மிச்சப் பேர் வரும் இரண்டாம் ஞாயிறு சாயங்காலம் பாலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற டீக்கடைக்கு வாருங்கள். பையனும் வருவான். அவன் அப்பாவிடம் நான் இன்னும் பேசவில்லை.