சின்ன வளையம், பெரிய செலவு

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென்று இரண்டாவது கியரில் சிக்கிக்கொள்கிறது. இரண்டு டன் எடையுள்ள எஸ்யுவி, லாரிகள் எல்லாம் முந்திக்கொண்டு போக, ஆட்டோரிக்‌ஷா வேகத்தில் உறுமியபடி நகர்கிறது. என்ஜினை அணைத்துத் திரும்பப் போட்டால் கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகும். பிறகு அதே கதை. ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள்: "கியர்பாக்ஸ் போச்சு சார், மாத்தணும்." பழைய காரின் விலையையே எட்டிப்பிடிக்கும் தொகை.

பல சமயங்களில் போனது கியர்பாக்ஸ் அல்ல. விரலில் மாட்டிக்கொள்ளக்கூடிய அளவில் இருக்கும் ஒரு ரப்பர் வளையம்.

புனேயிலிருந்து நாசிக் போகும் சாலையில் சுமார் 30 கி.மீ. தூரத்தில் இருக்கிறது சாகண். வெங்காயச் சந்தைக்கும், 1660-ல் ஷாயிஸ்தா கானின் முகலாயப் படையைச் சுமார் 56 நாட்கள் தடுத்து நிறுத்திய கோட்டைக்கும் பெயர்பெற்ற ஊர். இன்று அதன் அடையாளம் கார் தொழிற்சாலைகள். மஹிந்திரா நிறுவனம் தென்கொரியாவின் சாங்யாங் கம்பெனியை வாங்கிய பிறகு, 2012 அக்டோபரில் இந்தியாவில் அறிமுகப்படுத்திய ரெக்ஸ்டன், உதிரிபாகங்களாக வந்து இங்கேதான் முழு வண்டியானது. அதில் ஆர்எக்ஸ்7 என்ற விலை உயர்ந்த ரகத்துக்கு ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். வடிவமைத்தது மெர்சிடிஸ் பென்ஸ். 1996 முதல் பென்ஸ் தன் சொந்தக் கார்களில் பொருத்திய அதே குடும்பத்து கியர்பாக்ஸ். கிரைஸ்லர் கார்களுக்கும் இது போனது. 1995-ல் புனேயில் கார் தயாரிப்பைத் தொடங்கிய பென்ஸும் 2009-ல் சாகணுக்கே குடிபெயர்ந்தது. பெரிய வீட்டுப் பிள்ளையும் தத்துப் பிள்ளையும் ஒரே தெருவில் பிறந்தது போல.

கியர்பாக்ஸ் என்னவோ உழைப்பாளிதான். ஒழுங்காகக் கவனித்தால் பல லட்சம் கி.மீ. ஓடும். அதன் பலவீனம் இயந்திரப் பகுதியில் இல்லை. மின்சார இணைப்பில் இருக்கிறது. கியர் மாற்றும் வால்வுகளும் சென்சார்களும் உள்ளே ஆயிலில் மூழ்கிக் கிடக்கின்றன. அவற்றுக்கு உத்தரவு போடும் கம்ப்யூட்டர் வெளியே வேறிடத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் வயர்கள் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் அடாப்டர் வழியாகப் போகின்றன. 13 பின் கொண்ட இணைப்பு. ஆயில் வெளியே வராமல் காப்பது அடாப்டரைச் சுற்றியுள்ள இரண்டு ஓ-ரிங்குகள். வருடக்கணக்கில் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, அந்த ரப்பர் இறுகிவிடுகிறது. ஆயில் கசியத் தொடங்குகிறது.

கீழே சொட்டினால்கூடப் பரவாயில்லை, கண்ணில் படும். கில்லாடித்தனம் மேலே ஏறுவதில்தான். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, வயரின் செம்பு இழைகளுக்கு நடுவே ஆயில் ஏறிப் போய்க் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. அங்கே சமிக்ஞைகள் குழம்புகின்றன. குழம்பிய கம்ப்யூட்டர் கியர்பாக்ஸைக் காப்பாற்றுவதாக நினைத்து இரண்டாவது கியரில் பூட்டி வைக்கிறது. உரிமையாளருக்கோ கியர்பாக்ஸ் செத்துவிட்டது போலத் தோன்றுகிறது.

ஆயில் குறைவதன் விளைவு இன்னொரு பக்கம். ஆட்டோமேட்டிக்கில் ஆயில் வெறும் மசகு அல்ல. என்ஜினின் சக்தியை டார்க் கன்வெர்ட்டர் வழியாகக் கடத்துவதும், கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுதான். அளவு குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், தட்டுகள் வழுக்கும், கருகும். அந்தக் கட்டம் வந்துவிட்டால் மெக்கானிக் சொன்ன தீர்ப்பு உண்மையாகிவிடும்.

அளவைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போச்சு என்று தோன்றலாம். இந்த கியர்பாக்ஸில் அதற்கு டிப்ஸ்டிக் கிடையாது. குழாய் இருக்கிறது, அதற்கு ஒரு சீல் வைத்த மூடியும் இருக்கிறது. அளவுகோல் ஒர்க்‌ஷாப்பில்தான். ஆயுள் முழுக்க ஆயில் மாற்றவே வேண்டாம் என்பது அன்றைய பென்ஸின் வாக்கு. யாருடைய ஆயுள் என்பதில்தான் தகராறு. பிற்பாடு 60,000 கி.மீ. ஓடியதும் மாற்றும்படி கம்பெனியே சொல்லத் தொடங்கியது. ஓ-ரிங் அடாப்டரையும் திருத்தி வெளியிட்டது.

கசிவைக் கண்டுபிடிப்பதில் பொறுமைதான் முக்கியம். இரவில் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துவைத்தால் காலையில் கறையின் நிறமும் இடமும் தெரியும். நிறமற்ற தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வந்தது. கறுப்போ பழுப்போ என்ஜின் ஆயில். கியர் ஆயிலில் பெரும்பாலும் சிவப்புச் சாயம் கலந்திருக்கும். கசிவை அடையாளம் காட்டுவது அதன் உபயோகங்களில் ஒன்று. (2010 வாக்கில் வந்த ஏழு கியர் பென்ஸ்கள் சிலவற்றில் நீல ஆயில்.) ஆனால் சிவப்பாக இருப்பதெல்லாம் கியர்பாக்ஸிலிருந்து வந்தது என்று முடிவு கட்டிவிட முடியாது. பல கார்களில் பவர் ஸ்டியரிங்குக்கும் இதே வகை ஆயில்தான். முன்பக்கம் சொட்டினால் முதலில் அங்கே பார்க்க வேண்டும்.

அடுத்து, பிட்டில் இறக்கி அடிப்பாகத்தைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, பத்துப் பதினைந்து கி.மீ. ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பார்ப்பது. ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும். எடை கீழே இழுக்கும். எனவே ஈரம் தெரிகிற இடங்களிலேயே மேலாகவும் முன்பாகவும் இருப்பதுதான் குற்றவாளி. சம்ப் கேஸ்கெட்டிலிருந்து ஒழுகுகிறது என்று அதை மட்டும் மாற்றி, மறுவாரமே திரும்பி வரும் கார்கள் இந்த விதியை மறந்ததன் பலன். கூலர் குழாய் இணைப்பு, டார்க் கன்வெர்ட்டர் சீல், பின்பக்க ஷாஃப்ட் சீல் ஆகியவையும் சந்தேகப் பட்டியலில் உண்டு. ரேடியேட்டருக்கு உள்ளேயே கூலர் இருக்கும் கார்களில், ஆயில் ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்திருந்தால் கதையே வேறு: தண்ணீர் கலந்திருக்கிறது, கியர்பாக்ஸ் நிஜமாகவே ஆபத்தில் இருக்கிறது.

13 பின் இணைப்பு என்று உறுதியானால் வேலை சுலபம். என்ஜினை ஆறவிட்டு, வளையத்தைத் திருகிப் பிளக்கைக் கழற்ற வேண்டும். உள்ளே பின்கள் ஆயிலில் நனைந்திருந்தால் நோய் உறுதி. அடாப்டரைப் பிடித்திருக்கும் சிறிய போல்ட்டை எடுத்து, அதை உருவி, புதியதைச் செருகுவது. அதன் விலை டீசல் டேங்கை ஒருமுறை நிரப்பும் செலவைவிடக் குறைவு. அதோடு கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, ஆயில் எட்டியிருந்தால் எலெக்ட்ரானிக் கிளீனர் ஸ்பிரேயால் கழுவி உலர்த்த வேண்டும். வயருக்குள் மிச்சமிருக்கும் ஆயில் இன்னும் சில வாரங்கள் கசியலாம் என்பதால் ஒருமுறை திரும்பத் திறந்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது கடைசியில்தான். சம்பைக் கழற்றினாலும் டார்க் கன்வெர்ட்டரில் கணிசமான ஆயில் நின்றுவிடும். புத்தகத்தில் போட்ட மொத்த அளவை அப்படியே ஊற்றினால் நிரம்பி வழியும். சூட்டில் ஆயில் விரிவடையும் என்பதால் அளவு பார்க்க இந்த கியர்பாக்ஸில் ஆயில் 80 டிகிரியில் இருக்க வேண்டும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். இதே விதி எல்லா காருக்கும் பொருந்தாது. அதே சாகணில் தயாராகும் வோக்ஸ்வாகன் டைகுனின் ஒரு லிட்டர் ஆட்டோமேட்டிக்கில் சோதனை 35 முதல் 45 டிகிரிக்குள். எந்த ஆயில் என்பதிலும் கம்பெனி சொன்ன ரகத்தைத் தாண்டிப் பரிசோதனை கூடாது.

ரெக்ஸ்டன் உரிமையாளர்களுக்கு இதில் கூடுதல் அக்கறை இருப்பதற்குக் காரணம் உண்டு. சாங்யாங் 2020 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. 2022-ல் கேஜி குழுமத்தின் கைக்கு மாறி, இப்போது கேஜி மொபிலிட்டி. இந்தியாவில் ரெக்ஸ்டன் விற்பனை நின்று ஆண்டுகள் ஆகின்றன. பாகம் கேட்டால் கவுன்டரில் உதடு பிதுக்குகிறார்கள். ஆனால் கியர்பாக்ஸ் பென்ஸ் குடும்பம் என்பது தெரிந்தவர்கள், பழைய அடாப்டரைக் கையில் எடுத்துக்கொண்டு பென்ஸ் உதிரிபாகக் கடைக்குப் போய், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து வாங்கி வருகிறார்கள்.