கடவூரும் கடல்வடிவக் கலங்களும்

திருக்கடையூரின் பழம்பெயர் கடவூர். கடம் என்பது குடம். பாற்கடலில் தோன்றிய அமுதகுடம் இங்குத் தங்கியதென்பது தலவரலாறு. கடலையும் குடத்தையும் ஒருசேர நினைப்பிக்கும் ஊர் இஃது.

குயவர் நீர்வாழ் உயிரை நோக்கியது புதிதன்று. கீழடியில் 2024ஆம் ஆண்டு மீனுருவம் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. ஆயின் புறத்தே தீட்டிய மீன் அணி மட்டுமே. மகவுக்குப் பால் புகட்டும் சங்கையோ காண்க! பால் சிறுகச் சிறுக ஒழுகுவது அதன் கூர்மூக்கால் அன்றோ? ஈண்டுக் கடலுயிரின் வடிவே பயனாகிறது. கையில் பிடிக்கவும் ஒவ்வாத கடல்வடிவக் கிண்ணங்களை நாம் கலமெனக் கொள்ளோம். அவை அலமாரிப் பொருள்கள்.

மண்ணிலே சங்கு வனைய நம் வட்டாரக் குயவர் வல்லரே. இடர் வேறு. மெருகிடாது சுட்ட மண் நீர் கசியும். தண்ணீர்ப் பானைக்கு அதுவே குளிர்ச்சி; பாற்கலத்திற்கோ கேடு. ஈயம் கலவாத மெருகும், மிகுவெப்பச் சூளையும், அவ்வெப்பத்தைத் தாங்கும் மண்கலவையும் வேண்டும். புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கர், டெபோரா சுமித் ஆகியோர் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்கலச்சாலை அவ்வித்தையைப் பலர்க்கும் பயிற்றியது. அது காவிரிக்கரைக் குயவர் தெருவுக்கும் வருதல் வேண்டும் என்பதே நம் கருத்து. அறுபதாம் கலியாணத்திற்குக் கடவூர் வருவோர் பலர். பேரப்பிள்ளைக்கென ஒரு மண்சங்கு வாங்க அவர்கள் தயங்கார்.