நடுவுல ஒரே ஒரு சுவர்!

உங்க பெஸ்ட் ஃப்ரெண்ட் உங்க வீட்டுக்குள்ள வந்திருக்காரா? ஹால் வரைக்குமா, கிச்சன் வரைக்குமா? இல்ல, கேட்டோட சரியா?

என் நண்பனுக்கு ஊர் குத்தம்பாக்கம். எனக்குப் பூந்தமல்லி. ஃபர்ஸ்ட் இயர்ல இருந்து ஒரே பெஞ்ச், ஒரே டிபன் பாக்ஸ். அவங்க வீட்டுக்கு நான் பத்து தடவையாவது போயிருப்பேன். அவங்க அம்மா கையால சாப்பிடாம ஒரு நாளும் திரும்பினதில்லை. ஆனா அவன்? மூணு வருஷமா எங்க தெருமுனை வரைக்கும்தான். 'வீட்ல கெஸ்ட் இருக்காங்கடா'ன்னு ஏதாவது சொல்லிச் சமாளிச்சிடுவேன். நிஜக் காரணம் எங்க பாட்டி. வந்தவங்களை 'நீங்க என்ன ஆளுங்க?'ன்னு கேட்டுட்டுத்தான் உட்காரவே சொல்வாங்க.

அவன் ஒரு நாளும் ஏன்னு கேட்டதில்லை. அதுதாங்க வலிச்சது.

போன மாசம் அவங்க ஊருக்குப் போனப்ப, சமத்துவபுரத்தைக் காட்டினான். எல்லா சாதிக்காரங்களும் சேர்ந்து வாழணும்னு தமிழக அரசு 1997-ல் அறிவிச்ச திட்டம் அது. ஒரு சமத்துவபுரத்துக்கு 100 வீடுகள். பொதுவா தனித்தனி வீடுகளாத்தான் கட்டுவாங்க. குத்தம்பாக்கத்துல மட்டும் 50 இரட்டை வீடுகள். ஒரு பாதியில தலித் குடும்பம், மறு பாதியில வேற சாதிக் குடும்பம். ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு பொதுச் சுவர்!

இந்த ஐடியாவுக்குச் சொந்தக்காரர் ரங்கசாமி இளங்கோ. அதே ஊர்ல தலித் குடும்பத்துல பிறந்தவர். அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில கெமிக்கல் இன்ஜினியரிங் முடிச்சவர். பார்த்துக்கிட்டிருந்த வேலையை விட்டுட்டு ஊருக்குத் திரும்பி, 1996-ல் பஞ்சாயத்துத் தலைவரானார். 2001-ல் மறுபடியும் ஜெயிச்சார். நாம படிக்கிற அதே இன்ஜினியரிங்தான். நமக்குச் சுவர்னா ரெண்டு இடத்தைப் பிரிக்கிற விஷயம். அவர் ரெண்டு வீட்டைச் சேர்க்கறதுக்கு அதைப் பயன்படுத்தியிருக்கார்.

யோசிச்சுப் பாருங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில் அடிச்சா இந்தப் பக்கம் கேட்கும். குழந்தை ராத்திரி அழுதா ரெண்டு வீட்டுக்கும் தூக்கம் போகும். ஒரு சுவர் சாதியை ஒழிச்சிடுமான்னு கேட்டா, ஒழிக்காது. ஆனா பக்கத்து வீட்டு ஆளை 'யாரோ'ன்னு நினைக்க விடாது.

திரும்பி வர்றப்ப பஸ்ல எனக்குள்ள ஒரே கேள்விதான். அவங்க ஒரே சுவத்துல வாழறாங்க... என்னால ஒரு கேட்டைத் திறக்க முடியலையா?

அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வந்துட்டேன். பாட்டி கேட்டாங்க. அவன் தயங்காம சொன்னான். ரெண்டு நிமிஷம் வீடே சைலன்ட். அப்புறம் காபி வந்தது. எனக்கு எவர்சில்வர் டம்ளர், அவனுக்குப் பேப்பர் கப்.

எனக்கு முகமே செத்துப்போச்சு. ஒண்ணும் பேசாம என் டம்ளரை அவன்கிட்ட நீட்டிட்டு, பேப்பர் கப்பை நான் எடுத்துக்கிட்டேன். பாட்டி பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அவன் மட்டும் கூலா, "காபி சூப்பர் பாட்டி!"ன்னான்.

ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் வந்தான். இந்த தடவை ரெண்டு டம்ளர். பாட்டி எதுவும் சொல்லலை. "சர்க்கரை போதுமாப்பா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

பாட்டி மாறிட்டாங்கன்னு கதை விட மாட்டேன். கழுவறப்ப அந்த டம்ளரைத் தனியா வைக்கிறாங்களான்னு இன்னும் ஓரக்கண்ணால பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா மூணு வருஷமா நகராத ஒண்ணு, ரெண்டே வாரத்துல ஒரு டம்ளர் அளவு நகர்ந்திருக்கு. நம்பிக்கைன்னா எனக்கு இப்போதைக்கு அவ்வளவுதான்.

தெருமுனையோட நீங்க நிறுத்தி வெச்சிருக்கிற அந்த ஃப்ரெண்ட் யாரு? இந்த ஞாயித்துக்கிழமை ஃப்ரீயான்னு கேளுங்களேன்!