வெள்ளுடையில் வந்த வியாபாரம்

விற்பவர் தம் பொருளைப் புகழ்ந்து பேசுவது இயல்பு. சந்தையிலே கத்தரிக்காய் விற்கும் கிழவியும் தன் கூடையைப் புகழ்ந்தே பேசுவாள். அதனை நாம் குற்றமென்று கொள்வதில்லை. காயைக் கையிலெடுத்துப் பார்த்து, சொத்தையாயின் விட்டுவிட நமக்கு வசதியுண்டு. அப்படியிருக்க, விற்பனைத் தந்திரம் என்றவுடனே பலரும் முகஞ் சுளிப்பது ஏன்? குழந்தைப் பால்மாவின் கதை இதற்கு விடை கூறும்.

1939ஆம் ஆண்டிலே சிங்கப்பூர் றோட்டறிக் கழகத்தில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர் ஓர் உரை நிகழ்த்தினார். 'பாலும் கொலையும்' என்பது அதன் தலைப்பு. டின்பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடென்று கூறி விற்பதனாற் சிசுக்கள் மடிகின்றன என்று அவர் கண்டித்தார்.

எனினும் விற்பனை ஓயவில்லை. பின்வந்த ஆண்டுகளில் ஆசிய, ஆபிரிக்க நாடுகள் பலவற்றிலே, கம்பனிகளின் விற்பனைப் பெண்கள் தாதிமாரைப் போல வெள்ளுடை அணிந்து தாய்மாரிடஞ் சென்றனர். பால்மா இலவசமாக வழங்கப்பட்டது. இலவசந்தானே, இதிலென்ன தீங்கு என்று நாம் கேட்கலாம். குழந்தை உறிஞ்ச உறிஞ்சவே தாய்க்குப் பால் சுரக்கும். சில நாட்கள் போத்தலைக் கொடுத்துவந்தால் அது வற்றத் தொடங்கும். இனாம் டின் முடியும் வேளையிலே தாய்ப்பாலும் குறைந்துவிட, அடுத்த டின்னைக் காசு கொடுத்தே வாங்கவேண்டும். காசு போதாத தாய் மாவைக் குறைத்து நீரைக் கூட்டுவாள். அந்நீர் அசுத்தமாயின் வயிற்றோட்டம், பாலிலோ சத்தில்லை. குழந்தையின் கதி என்னவாகும்?

1977இல் அமெரிக்காவிலே நெஸ்லே கம்பனியின் பொருள்களைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் எழுந்தது. 1981 மே மாதத்தில் உலக சுகாதார சபை இவ்விற்பனைக்கென ஓர் ஒழுக்கக்கோவையை ஏற்றது. தாய்மாருக்கு இலவச மாதிரி வழங்கலாகாது, பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யலாகாது என்பன அதன் விதிகளுட் சில. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தது ஐக்கிய அமெரிக்கா ஒன்றே. இலங்கையும் 1983இல் தனக்கென ஒரு கோவையை வகுத்துக்கொண்டது.

பால்மா நஞ்சன்று. தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்கு அது வேண்டியதே. ஆனால், தாதியின் உடையை இரவல் வாங்கி நம்பிக்கையைப் பெற்றதும், தேவையில்லாத இடத்திலே தேவையை உண்டாக்கியதும் வியாபாரமாகா. கத்தரிக்காயைப் புரட்டிப் பார்ப்பதுபோல அந்தத் தாயால் அதனைச் சோதித்தறிய முடியவில்லை. அவளுடைய அறியாமையே அங்கு முதலாக இடப்பட்டது.

இன்றும் நம் வீட்டு வாயிலுக்கு இலவசங்கள் பல வருகின்றன. வாங்குமுன், 'இது முடிந்தபின் நமக்கு என்ன செலவு வரும்?' என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோமாக.