ஒரு நோய்க்கு எத்தனை பெயர்?

தென்னையின் அடித்தண்டில் வெடிப்பு கண்டு, அதிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் சாறு வடியத் தொடங்கினால் அந்த மரம் நெடுநாள் நிற்பதில்லை. 1952-ஆம் ஆண்டில் அன்றைய தஞ்சை மாவட்டத்தில் முதலில் கண்டறியப்பட்டதால் இதற்குத் 'தஞ்சாவூர் வாடல் நோய்' என்று பெயர் வந்தது. வேளாண் கையேடுகளில் 'அடித்தண்டழுகல் நோய்' என்றும், பூஞ்சையின் பெயரால் 'கானோடெர்மா வாடல்' என்றும் இதே நோய் குறிப்பிடப்படுகிறது. பேராவூரணித் தோப்பில் நிற்பவர் இவற்றில் எதையும் சொல்வதில்லை. "மரம் சாறு வடியுது" என்பார்.

அவர் சொன்னபடியே அவருடைய மகள் கைப்பேசியில் தேடினால் என்ன கிடைக்கும்? 'சாறு வடிதல் நோய்' என்ற பெயரில் தென்னைக்கு வேறொரு நோய் இருக்கிறது. அதன் பூஞ்சை வேறு, மருத்துவமும் வேறு. அதற்குப் பாதிக்கப்பட்ட பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டுப் போர்டோ பசை பூச வேண்டும். வாடல் நோய்க்கோ, ஒரு சதவீதப் போர்டோ கலவையை 40 லிட்டர் அளவில் மரத்தைச் சுற்றி மண் நனைய ஊற்ற வேண்டும். தவறான பெயரைப் பின்பற்றியவர் தண்டைச் செதுக்கிக்கொண்டிருக்கும்போது வேர் அழுகிக்கொண்டிருக்கும்.

இதை வேளாண்மைச் சிக்கலாகப் பார்ப்பது வழக்கம். இதை எழுத்தின் சிக்கலாகவும் பார்க்க வேண்டும் என்பது, தமிழில் பயன்பாட்டுக் கையேடுகளைச் செப்பம் செய்யும் பணியில் பல்லாண்டுகள் கழித்த எனது துணிபு. நோயை அறிந்தவர் வேளாண் விஞ்ஞானி. வாசகர் எந்தச் சொல்லால் அந்த நோயைத் தேடுவார், எந்தெந்தக் கையேட்டில் அது எந்தப் பெயரில் இருக்கிறது, பரிந்துரைத்த அளவு எந்த ஆண்டில் எங்கே மாறியது என்பனவற்றை அறிந்திருக்க வேண்டியவர் எழுதுபவர். அந்த அறிவைப் பெறும் வழிகளைத்தான் இன்று டிஜிட்டல் ஆய்வுமுறைகள் என்கிறார்கள். (எண்மம், எண்ணிமம், மின்னணு என இந்தச் சொல்லுக்கே தமிழில் இன்னும் முடிவு எட்டப்படவில்லை என்பது வேறு கதை.) ஆவணங்களைத் திரட்டுவது, தேடத்தக்க எழுத்துருவுக்கு மாற்றுவது, ஒப்பிடுவது, மூலத்தைப் பதிவுசெய்வது ஆகிய நான்கும் அவற்றின் அடிப்படை. ஆனால், இவற்றை நாம் பழைய இலக்கியத்துக்கும் ஓலைச்சுவடிக்கும் மட்டுமே உரியவையாக ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

கல்லூரித் தமிழ்த் துறைகளில் 'இணையத் தமிழ்', 'கணினித் தமிழ்' என்ற பெயர்களில் தாள்கள் இருக்கின்றன. நான் பார்த்த வினாத்தாள்களில் தமிழ் 99 விசைப்பலகையின் சிறப்புகளைக் கேட்கிறார்கள். மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கப்பட்டது என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. அந்தத் திட்டத்தின் மின்னூல் ஒன்றைத் திறந்து, அது எந்தப் பதிப்பைப் பின்பற்றியது, மெய்ப்பு யார் பார்த்தார்கள் என்று மாணவரைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வினா ஒன்றும் என் கண்ணில் படவில்லை. நீச்சலின் வரலாற்றை மனப்பாடம் செய்யவைத்துவிட்டு ஆற்றில் இறக்குவதற்கு ஒப்பானது இது.

பேராவூரணி கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி. 1934-இல் திறக்கப்பட்ட அந்தக் கால்வாயின் நீர் வந்து சேரும்போது நெல், மற்றபடி தென்னை. இங்குள்ள அரசு கலை அறிவியல் கல்லூரி போன்றவற்றில் படித்து வெளிவருவோரில் கணிசமானோர் பின்னாளில் ஏதோ ஒருவகையில் பயன்பாட்டு எழுத்துக்குத்தான் வருவார்கள்: அலுவலகக் குறிப்பு, கூட்டுறவுச் சங்க அறிவிப்பு, பயிர்க் காப்பீட்டு விளக்கம், இடுபொருள் விற்கும் நிறுவனத்தின் துண்டறிக்கை. கவிதை எழுதுபவர் நூற்றில் ஒருவர் இருக்கலாம். இந்த எழுத்துக்குத் தப்புபவர் அரிது.

அவர்களுக்கான ஆவணக் குவியல் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கரையைக் கடந்த கஜா புயலை எடுத்துக்கொள்வோம். வீழ்ந்த தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய் நிவாரணம் என்பதே எல்லோர் நினைவிலும் நிற்கிறது. அது மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500 என இரண்டு தொகைகளின் கூட்டு. ஹெக்டேருக்கு 1,92,500 ரூபாய் என்று அறிவித்தார்களே, அதற்குள் ஹெக்டேருக்கு 175 மரங்கள் என்ற கணக்கு இருந்தது. தோப்பில் அதைவிட நெருக்கமாக நட்டிருந்தவருக்கு இந்த எண்ணின் பொருள் என்ன? அரசு அறிவிப்பு, நாளேட்டுச் செய்தி, ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டிய தாள் ஆகியவற்றை அருகருகே வைத்து, ஓர் எண் கைமாறும்போது எந்தெந்த விவரம் உதிர்ந்தது என்று மாணவர்கள் அட்டவணையிடட்டும். எழுத்தின் பொறுப்பு குறித்து நூறு பக்கப் பாடநூல் சொல்லாததை அந்த ஓர் அட்டவணை சொல்லும்.

திரட்டத் தொடங்கியதுமே முதல் தடை எதிர்ப்படும். பழைய கோப்புகளில் பல வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்டவை. ஒருங்குறியை ஏற்றுத் தமிழக அரசு 2010-இல் ஆணையிட்ட பிறகும் பழைய பழக்கம் உடனே போய்விடவில்லை. அத்தகைய கோப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற குறிகளே மிஞ்சும்; தேடுபொறிக்கும் அவ்வளவே தெரியும். வேறு பல வெறும் ஒளிப்படங்கள். அவற்றை எழுத்துணரி மென்பொருளில் இட்டால் துணைக்காலும் ரகரமும் குழம்பும். அது பரவாயில்லை, படிப்பவர் திருத்திக்கொள்வார். 1.0 என்பதில் புள்ளி தொலைந்து 10 ஆனால்? வாடல் நோய்க்கு வேர்வழி மருந்து செலுத்தக் கரைக்கும் நீர் 100 மில்லி. மண்ணில் ஊற்றும் கலவை 40 லிட்டர். மில்லியும் லிட்டரும் இடம் மாறிய ஒரு துண்டறிக்கையை நம்பிப் பணம் செலவழிப்பவர் அதை எழுதியவரல்லர். ஆகவே, மூலத்தோடு ஒத்துப் பார்க்கும் பழக்கத்தை இங்கே அறிவுரையாகச் சொல்லத் தேவையில்லை. மாணவர் கண்ணெதிரே காரணம் இருக்கிறது.

இத்தகைய கல்விக்குத் தமிழில் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு பாடநூல்களை மொழிபெயர்த்தார். கலைச்சொற்களைத் தொகுத்து அச்சிட்டார். கற்பவர்களே எழுத்தாளர்கள், அவர்கள் கையிலேயே சொற்பட்டியல் என்ற அந்த ஏற்பாடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் காலத்தில், 1992-இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, சொல்லுக்குப் பொருளை யூகிக்காமல் அது வழங்கும் வாக்கியங்களைத் திரட்டிப் பார்த்து எழுதப்பட்டது. 'டாக்டர் இல்லாத இடத்தில்' என்ற மருத்துவக் கையேட்டைத் தமிழுக்குக் கொண்டுவந்ததும் அதே பதிப்பகம்தான். அகராதிக்குத் தேவைப்பட்ட உழைப்பும் கையேட்டுக்குத் தேவைப்படும் உழைப்பும் ஒன்றையொன்று அறிந்தவை.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பின் இவையெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேட்டதும் நொடியில் சரளமான தமிழில் ஒரு துண்டறிக்கை வந்துவிடுகிறது என்பது மெய்யே. அந்தச் சரளம்தான் எனக்கு அச்சமூட்டுகிறது. பிழைமலிந்த பழைய துண்டறிக்கையில் மொழி தடுமாறும்; வாசகர் ஐயுற இடமிருக்கும். இங்கே சாறு வடிதலும் வாடலும் ஒரே பத்தியில் கலந்திருந்தாலும் வாக்கியம் வழுக்கிக்கொண்டு போகும். தவிரவும், இந்த இயந்திரங்கள் இணையத்தில் தேடத்தக்க வடிவில் உள்ள தமிழையே பெரிதும் உண்டு வளர்கின்றன. நம் வேளாண் ஆவணங்கள் படங்களாகவும் படிக்கவியலா எழுத்துருவாகவும் முடங்கிக் கிடந்தால், அவை விடைகளில் எப்படி இடம்பெறும்?

கற்பிப்பது யார் என்ற கேள்வி நியாயமானது. தமிழாசிரியருக்குப் பூஞ்சை தெரியாது. கணினி ஆசிரியருக்கு மெய்ப்புத் திருத்தம் தெரியாது. இருவரும் ஒரே வகுப்பில் நிற்பதைத் தவிர வழியில்லை. துறைகளுக்கு இடையே இதைவிடக் கடினமான உடன்பாடுகள் ஏற்பட்டதுண்டு. பட்டுக்கோட்டைப் பக்கம் வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922 முதல் இயங்குகிறது. தஞ்சையில் 1981 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம். மூன்றும் ஒரே மாவட்டத்தில் இருந்தும், இவற்றை இணைக்கும் எழுத்துப் பயிற்சி ஒன்று நம் பாடத்திட்டங்களில் இல்லை.

விலையுயர்ந்த ஆய்வகம் எதுவும் தேவைப்படாது. மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் கிடைக்கும் பத்துத் துண்டறிக்கைகளைக் கைப்பேசியில் படமெடுத்து, ஒருங்குறியில் ஏற்றி, வெளியிட்டவர், ஆண்டு, கிடைத்த இடம் ஆகியவற்றைக் குறித்து, அவற்றில் வரும் நோய்ப் பெயர்களையும் அளவுகளையும் பொது அட்டவணை ஒன்றில் சேர்க்கட்டும். ஐம்பது பேர் வகுப்பில் ஒரு பருவத்துக்கு ஐந்நூறு ஆவணங்கள். அடுத்த ஆண்டு வருபவர்கள் அதைத் திருத்தி வளர்க்கலாம். அகமதிப்பீட்டு மதிப்பெண்களில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினால் போதும். வரும் பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.